கப்பல் வந்தால் போதுமா?



கேரளத்தின் தென்கோடியில், நம் காஞ்சிரங்குளத்திலிருந்து கடற்கரை ஓரமாக வடக்கே போனால் விழிஞம் துறைமுகத்தின் கிரேன்கள் கண்ணில் படும். 2024 ஜூலையில் அங்கே முதல் பெரிய கண்டெய்னர் கப்பல் வந்தது. 2025 மே 2-ஆம் நாள் துறைமுகத்தை நாட்டுக்கு அர்ப்பணித்தார்கள். அதுவரை கொழும்புக்கும் சிங்கப்பூருக்கும் போய்க் கப்பல் மாறிய நம் நாட்டுச் சரக்கு, இனி நம் வாசலிலேயே மாறலாம். மகிழ்ச்சிதான். ஆனால், கப்பல் வந்தால் மட்டும் ஊர் வாழ்ந்துவிடுமா?

சிங்கப்பூரைக் கேட்போம். 1819 முதல் அது ஆங்கிலேயரின் துறைமுகம். நூற்று நாற்பது ஆண்டுகள் ஓயாமல் கப்பல்கள் வந்தன. ஆனாலும் 1959-இல் சுயாட்சி கிடைத்தபோது என்ன இருந்தது? வேலை இல்லாத இளைஞர்களும் நெருக்கியடித்த குடிசைகளும்தான். 1961-இல் புக்கிட் ஹோ ஸ்வீயில் தீப்பிடித்து ஏறத்தாழ 16,000 பேர் ஒரே நாளில் வீடிழந்தார்கள். கப்பல் மட்டுமே வாழவைக்கும் என்றால், அந்தத் தீவு அதற்குள் வாழ்ந்திருக்க வேண்டாமா?

தீவின் தலையெழுத்தை மாற்றியது அதன் பிறகு செய்த வேலை. அதே 1961-இல் பொருளாதார வளர்ச்சிக் கழகம் அமைத்தார்கள். ஜூரோங் சதுப்பு நிலத்தை நிரவித் தொழிற்பேட்டை ஆக்கினார்கள். நிதியமைச்சர் கோ கெங் சுவீயின் முட்டாள்தனம் என்று அதைப் பலர் ஏளனம் செய்தார்கள். அவர் அசையவில்லை. தீயில் வெந்த இடத்தில் அடுக்குமாடி வீடுகள் எழும்பின. தொழிலாளியின் சேமநிதியே அவனுக்கு வீடு வாங்கித் தந்தது.

சிங்கப்பூரின் செம்பவாங்கில் இருந்த பிரிட்டிஷ் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தவர்களில் திருவிதாங்கூரிலிருந்து போனவர்களும் பலர் உண்டு. 1968-இல், தளங்களை மூடிவிட்டுப் போகிறோம் என்றது பிரிட்டன். தீவின் வருமானத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அந்தத் தளங்களை நம்பி இருந்தது. சிங்கப்பூர்க்காரர்கள் ஒப்பாரி வைக்கவில்லை. போர்க்கப்பல் பழுதுபார்த்த துறையை வணிகக் கப்பல் பழுதுபார்க்கும் தளமாக மாற்றினார்கள். 1972-இல் தஞ்சோங் பகாரில் கண்டெய்னர் துறையைத் திறந்தார்கள். அந்த நாட்டை எழுப்பியவர்களில் யாழ்ப்பாணத்தில் பிறந்த ராஜரத்தினமும் உண்டு, மலையாளக் குடும்பத்துப் பிள்ளையான தேவன் நாயரும் உண்டு. தமிழும் அங்கே ஆட்சிமொழி.

அந்த வளர்ச்சிக்குக் கொடுத்த விலையையும் சொல்லத்தான் வேண்டும். 1966-இன் நிலம் கையகப்படுத்தும் சட்டம் கம்போங் எனப்படும் கிராமக் குடியிருப்புகளைக் காலி செய்தது. 1968-இன் தொழிலாளர் சட்டம் சங்கங்களின் கையைக் கட்டியது. அந்த வழி நமக்கு வேண்டாம். 2022-இல் விழிஞத்தில் நம் கடற்கரை மக்கள் நூறு நாளுக்கு மேல் போராடினார்கள். கரை அரிக்கிறது, வீடு போகிறது என்றார்கள். அந்தக் குரலைக் கேட்காத வளர்ச்சி நமக்கு வளர்ச்சியே அல்ல.

பெற்றோர்களே, விழிஞத்தில் இன்று கிரேன் இயக்குபவர்களில் அந்தக் கடற்கரை ஊர்ப் பெண்களும் இருக்கிறார்கள். அவர்கள் கற்றதை உங்கள் மகளும் கற்கலாம், மகனும் கற்கலாம். ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் படிப்பைத் தாழ்வாக எண்ணாதீர்கள்.

கேரள அரசுக்கும் ஒரு கோரிக்கை. துறைமுக வேலைப் பயிற்சி பற்றிய ஒவ்வொரு அறிவிப்பும் மலையாளத்தோடு தமிழிலும் வரவேண்டும். அதை நம் ஊர் நூலகத்தின் பலகையில் ஒட்டும் பொறுப்பை நாம் ஏற்போம். படிக்கத் தெரியாதவருக்குப் படித்துச் சொல்வோம். நாளைக் காலையிலேயே அந்த வேலையைத் தொடங்குவோம், வாருங்கள்.