தாத்தாவின் பாதம் எங்கே?

பொங்கலுக்கு ஊரில் எல்லாரும் கூடியிருக்கிறீர்கள். தோப்பில் நின்று குடும்பமாக ஒரு படம் எடுக்கிறீர்கள். படம் பளிச்சென்று இருக்கிறது. ஆனால் தாத்தாவைப் பாருங்கள். கணுக்காலோடு சரி, பாதத்தைக் காணோம்!

படத்தின் ஓரம் மூட்டில் விழுந்தால் இப்படித்தான். கணுக்கால், முழங்கால், மணிக்கட்டு. இங்கே வெட்டினால் கையோ காலோ துண்டானதுபோலத் தெரியும். தொடையின் நடுவில் வெட்டுங்கள், உறுத்தாது. மூட்டில் மட்டும் வேண்டாம். எடுக்கும்போதே இரண்டடி பின்னால் போய் நின்றுகொண்டால் இன்னும் நல்லது. கூடுதலாக இருப்பதை அப்புறம் குறைத்துக்கொள்ளலாம். விட்டுப்போன பாதத்தை எங்கே போய்த் தேடுவது?

சட்டை நிறத்தையும் கொஞ்சம் பாருங்கள். எல்லாரும் வெளிர் நிறத்தில் நிற்க, சித்தப்பா மட்டும் ரத்தச் சிவப்பில் நின்றால், கண் முதலில் அவரிடம்தான் ஓடும். அவர் புது மாப்பிள்ளை என்றால் சரி, இருந்துவிட்டுப் போகட்டும். வெயிலில் இன்னொரு வேடிக்கையும் நடக்கும். பளீர் மஞ்சள் சேலை கட்டியிருந்தால், அந்த நிறம் வெளிச்சத்தோடு எகிறி முகவாயில் ஏறும். அப்புறம் படம் பார்க்கிறவர்கள், "அத்தை மஞ்சள் பூசிக் குளித்தார்களா?" என்று கேட்பார்கள்.