ஆசனத்தைத் திருப்பிக் கொடுத்தவர்

(தந்தை செல்வா நினைவுக் கூட்டமொன்றில் அச்சுவேலியில் ஆற்றப்பட்ட உரை)



அமெரிக்க நாட்டின் செனற் சபையிலே ரொபேட் பேர்ட் என்பார் 1959ஆம் ஆண்டு தொடக்கம் 2010இல் இறக்கும்வரை 51 ஆண்டுகள் இடையறாது வீற்றிருந்தார். அந்நாட்டார் அதனைப் பெருஞ் சாதனையாகக் குறித்து வைத்துள்ளனர். நம் நாட்டிலும் 1947 தொடக்கம் 1971 வரை மூதவை என்ற பெயரில் ஒரு செனற் சபை இருந்தது. அங்கும் நெடுங்காலம் இருந்தோர் உளர். ஆயின், இருந்த ஆண்டுகளை மட்டும் எண்ணி அளக்க முடியாத ஒருவரைப் பற்றியே இன்று பேச வந்துள்ளேன்.

சா. ஜே. வே. செல்வநாயகம் அவர்கள் 1947இல் காங்கேசன்துறைத் தொகுதியின் உறுப்பினரானார். அதன்பின் அவர் வாழ்ந்த முப்பது ஆண்டுகளில் இருமுறை அவ்வாசனம் அவர் கையில் இருக்கவில்லை. ஒருமுறை மக்கள் அதனை எடுத்துக்கொண்டனர். மறுமுறை அவரே அதனை மக்களிடம் திருப்பிக் கொடுத்தார்.

மலாயாவின் ஈப்போவில் 1898 மார்ச் 31இல் பிறந்து, தெல்லிப்பழையில் வளர்ந்து, ஆசிரியராய்ப் பணிபுரிந்து, பின்னர் வழக்கறிஞராய்ப் பெயர் பெற்றவர் அவர். மேடையை அதிரவைக்கும் குரல் அவருக்கு வாய்க்கவில்லை. ஒலிபெருக்கியின் துணையோடு நான் இப்போது எழுப்பும் ஓசையிற் காற்பங்கும் அவர் எழுப்பியதில்லை!

1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. மலையகத் தமிழர் இலட்சக்கணக்கில் நாடற்றோராயினர். தமிழ்க் காங்கிரசோ அதே ஆண்டில் அரசாங்கத்தோடு சேர்ந்தது. செல்வநாயகம் சேர மறுத்தார். எண்ணிப் பாருங்கள்: காங்கேசன்துறைத் தொகுதியிலே தேயிலைத் தோட்டம் ஒன்றேனும் உண்டா? கொழுந்து பறிக்கும் கை ஒன்றேனும் அவருக்கு வாக்களித்ததுண்டா? தமக்கு வாக்களிக்காத, வாக்களிக்கவும் இயலாத மக்களுக்காக அவர் கட்சியை விட்டு வெளியேறினார். உடன் நின்றோருள் ஒருவர் உங்கள் கோப்பாய் உறுப்பினர் கு. வன்னியசிங்கம், மற்றொருவர் மூதவை உறுப்பினர் டாக்டர் நாகநாதன். 1949 டிசம்பர் 18இல் இலங்கைத் தமிழரசுக் கட்சி பிறந்தது.

1952 தேர்தலில் அதற்குக் கிடைத்த கூலி யாது? காங்கேசன்துறை மக்கள் அவரைத் தோற்கடித்து, ஐக்கிய தேசியக் கட்சியின் சு. நடேசனைத் தெரிவு செய்தனர். கட்சிக்கு மிஞ்சியவை இரண்டே ஆசனங்கள். ஒன்று திருகோணமலை, மற்றொன்று இவ்வூர் அடங்கிய கோப்பாய். தலைவர் வெளியே நின்ற அந்நான்காண்டுகளிலும் அவருடைய கொள்கைக்குப் பாராளுமன்றத்தில் இடம் கொடுத்து வைத்திருந்தவர்கள் உங்கள் பெற்றோரும் பாட்டன் பாட்டியுமே. 1959இல் வன்னியசிங்கம் மறைந்தபோது அவருக்கு ஐம்பது வயதும் நிரம்பவில்லை.

1956இல் மொழிப் போராட்டக் காலம் வந்தது, செல்வநாயகமும் மீண்டார், கட்சி பத்து ஆசனங்களைப் பெற்றது. பண்டாரநாயக்காவோடு 1957இல் செய்த ஒப்பந்தம் மறு ஆண்டே கிழித்தெறியப்பட்டதையும், 1961இல் யாழ்ப்பாணக் கச்சேரி வாயிலில் நிகழ்ந்த சத்தியாக்கிரகத்தையும் நீங்கள் அறிவீர்கள். அவற்றை விரிக்கப் போவதில்லை. டட்லி சேனநாயக்காவோடு 1965இல் உடன்பட்டு, கட்சி அரசாங்கத்திலே பங்கேற்றது பிழையென்பதே என் எண்ணம். மாவட்ட சபைகள் என்ற வாக்குறுதி 1968இல் கைவிடப்பட்டது. மூன்றாண்டுகள் வீணாயின. இளைஞர் நம்பிக்கை இழந்தனர். பெரியோரைப் போற்றும்போது இதனையும் மறைக்காமற் சொல்லவேண்டும்.

இனி, 1972க்கு வருவோம். மே 22இல் குடியரசு அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்தது. அதனைத் தமிழ் மக்கள் ஏற்கின்றனரா? செல்வநாயகம் அறிக்கை விட்டு அமைந்துவிடவில்லை. ஒக்டோபர் மாதத்தில் ஆசனத்தைத் துறந்தார். இடைத்தேர்தல் வையுங்கள், மக்களே தீர்ப்பளிக்கட்டும் என்று அரசாங்கத்துக்கு அறைகூவல் விடுத்தார். அப்போது அவருக்கு வயது 74. கை நடுங்கும் பார்க்கின்சன் நோய்; கேட்கும் திறனும் குன்றியிருந்தது. ஓய்வெடுக்க வேண்டிய பருவத்திலே, உறுதியாய்க் கையிலிருந்த ஆசனத்தைத் துறந்துவிட்டு மீண்டும் வாக்குக் கேட்கப் புறப்பட்டார்!

அரசாங்கமோ இரண்டாண்டுகளுக்கு மேலாக அத்தேர்தலை நடத்தவில்லை. காங்கேசன்துறை மக்களுக்குப் பாராளுமன்றத்தில் உறுப்பினரே இல்லை. இறுதியில் 1975 பெப்ரவரி 6இல் வாக்கெடுப்பு நடந்தது. எதிர்த்து நின்ற கம்யூனிஸ்ட் வேட்பாளர் வி. பொன்னம்பலமும் தமிழரே, மதிப்புக்குரியவரே. அவருக்கு 9,457 வாக்குகள், செல்வநாயகத்துக்கு 25,927.

இன்று ஓர் உறுப்பினர் அவ்வாறு செய்ய விரும்பினாலும் வழியில்லை என்பதை இங்குள்ள இளைஞர் கருத்திற் கொள்ளவேண்டும். 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின்கீழ் விகிதாசார முறை வந்தபின், வெற்றிடமாகும் ஆசனம் அதே கட்சியைச் சேர்ந்த வேறொருவருக்குப் போகிறது. இடைத்தேர்தல் கிடையாது. உறுப்பினர் ஆசனத்தைத் திருப்பிக் கொடுத்தாலும் அது மக்கள் கைக்கு வருவதில்லை. தேர்தல் முறையைத் திருத்துவது பற்றிக் கொழும்பிலே பேச்செழும் போதெல்லாம் ஆசனங்களின் எண்ணிக்கையைப் பற்றியே நம்மவர் வாதிடுகின்றனர். இடைத்தேர்தல் உரிமையை மீட்டுத் தாருங்கள் என்று கேட்போர் எத்தனை பேர்? உங்களிடம் வாக்குக் கேட்டு வருவோரிடம் இதனைக் கேளுங்கள்.

1975இல் வென்றவர் மறு ஆண்டு மே 14இல் வட்டுக்கோட்டை மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். 1977 ஏப்ரல் 26இல் கண்மூடினார். அன்றும் அவர் காங்கேசன்துறையின் உறுப்பினர்.