படகு ஓடிய கால்வாய்

(நம் சங்கத்தின் மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

ஓசூரில் உட்கார்ந்துகொண்டு படகைப் பற்றிப் பேசுகிறாரே என்று நினைக்காதீர்கள். கடைசியில் நம் அபார்ட்மென்டுக்குத்தான் வருவேன்.

நமக்குத் தெரிந்த படகுச் சவாரி ஒகேனக்கல் பரிசல். ஆனால் சென்னைக்கு நடுவே ஒரு காலத்தில் சரக்குப் படகுகளே போய்வந்தன. பக்கிங்காம் கால்வாயைத்தான் சொல்கிறேன். 1806ல் சென்னையிலிருந்து எண்ணூர் வரை வெட்டியதுதான் தொடக்கம். 1876-78 தாது வருடப் பஞ்சத்தில், பட்டினி கிடந்த மக்களுக்குக் கூலி கொடுத்து, அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பகுதியை வெட்டினார்கள். அன்றைய கவர்னர் பக்கிங்காம் பிரபுவின் பெயரை வைத்தார்கள். மண் சுமந்தவர்கள் பெயர் எங்கும் இல்லை. ஆந்திராவின் பெத்தகஞ்சாம் முதல் மரக்காணம் வரை மொத்தம் 420 கிலோமீட்டர். அதில் 163 நம் மாநிலத்தில்.

விறகும் உப்பும் அதில் வந்தன. காற்று இருந்தால் பாய் விரிப்பார்கள். இல்லையென்றால் கரையில் நடந்தபடி கயிற்றால் இழுப்பார்கள். ஆறு குறுக்கிடும் இடங்களில் 'லாக்' உண்டு. முன்னும் பின்னும் கதவு வைத்த தொட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். படகு உள்ளே வந்ததும் பின்கதவை மூடி, எதிர்ப்பக்கத்து மட்டத்துக்குத் தண்ணீரை ஏற்றியோ இறக்கியோ முன்கதவைத் திறப்பார்கள். மோட்டார் வேண்டியதில்லை.

1934ல் பாரதிதாசன் நண்பர்களோடு இந்தக் கால்வாயில் படகேறி மாமல்லபுரம் போனார். அதைப் பாடிய கவிதைக்கு 'மாவலிபுரச் செலவு' என்று பெயர். பேங்க்காரனான எனக்குச் செலவு என்றாலே டெபிட்தான். அங்கே அதற்குப் பயணம் என்று பொருள்!

இங்கிலாந்திலும் இப்படித்தான் கால்வாய்கள் இருந்தன. ஏழடி அகலமே உள்ள நீளமான படகுகள். ரயிலும் லாரியும் வந்து அந்தத் தொழிலையும் சாய்த்தன. 1944ல் ரோல்ட் என்பவர் தன் படகுப் பயணத்தைப் புத்தகமாக எழுதினார். 1946ல் கால்வாய்களைக் காக்க ஒரு சங்கமே தொடங்கினார்கள். இன்று அங்கே குடும்பத்தோடு படகில் விடுமுறை கழிக்கிறார்கள். படகையே வீடாக்கி வாழ்பவர்களும் உண்டு.

நம் கால்வாயை 1965, 66 புயல்கள் சிதைத்தன. படகுகள் குறைந்தன, தூர் சேர்ந்தது, சாக்கடை புகுந்தது. பிறகு பறக்கும் ரயிலின் தூண்களையும் அதற்குள்ளேயே நட்டார்கள். 2008ல் தேசிய நீர்வழி 4 என்று அறிவித்தபோது சென்னைக்குள் அது மூக்கைப் பிடித்துக்கொண்டு கடக்கும் இடம். என் கணிப்பு இதுதான்: படகு ஓடியவரை, ஒரு முழம் தூர் சேர்ந்தாலும் சத்தம் போடப் படகுக்காரர் இருந்தார். அவர் போனபின் கேட்க ஆளில்லை.

இப்போது நம் விஷயம். கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்கும்போதெல்லாம் பெங்களூருவைத் திட்டுகிறோம். நியாயம்தான். ஆனால் நம் எஸ்.டி.பி.யில் காற்றடிக்கும் புளோயர் இரண்டில் ஒன்று ஓடவில்லை. பாதி சுத்தமான தண்ணீர் பின்சுவர் ஓடையில் போகிறது. அந்த ஓடையும் தென்பெண்ணைக்குத்தான் போய்ச் சேருகிறது. அங்கே படகுக்காரர் யாரும் இல்லை. சத்தம் போட வேண்டியவர்கள் நாம்தான்.

புதிய புளோயருக்கு வாங்கிய மூன்று கொட்டேஷன்களும் நோட்டீஸ் போர்டில் இருக்கின்றன. மெயின்டனன்ஸ் ஏறுமே என்று தயங்குபவர்கள் அவற்றைப் பார்த்துவிட்டு, பொதுக்குழுவுக்குக் கேள்விகளோடு வாருங்கள். கணக்கு சொல்ல நான் இருக்கிறேன்.