முத்துக் கரையில் உப்பின் கதை



தூத்துக்குடி என்றால் முத்து. ஊருக்கே முத்துநகர் என்று பெயர்; சென்னைக்குப் போகும் ரயிலுக்கும் அதே பெயர். ஆனால் இந்தக் கடலில் அரசு நடத்திய கடைசி முத்துக்குளிப்பு 1961இல் முடிந்துபோனது. அதற்குப் பின் பிறந்தவர்களுக்கு அது பாட்டன் சொன்ன கதை. இன்றைக்கும் இந்தக் கரையில் வருஷந்தவறாமல் விளைவது உப்பு. இந்திய உப்பு உற்பத்தியில் குஜராத்துக்கு அடுத்த இடம் தமிழ்நாட்டுக்கு; அதில் பெரும்பங்கு இந்த மாவட்டத்து உப்பளங்களிலிருந்து வருகிறது. முத்துக்காகக் கடலில் மூழ்கியவர்கள் ஆண்கள். உப்பைச் சுமந்தவர்களில் ஏராளமானோர் பெண்கள். முத்தைப் பாடிய அளவுக்கு உப்பை நாம் பாடவில்லை என்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்குமோ என்று எனக்கு நெடுநாளாகச் சந்தேகம் உண்டு.

ஒரேயடியாகப் பாடவில்லை என்றும் சொல்லிவிட முடியாது. அகநானூற்றில் 140ஆம் பாட்டு அம்மூவனார் பாடியது. உப்பு வணிகரான உமணர் வீட்டுப் பெண் ஒருத்தி, நெல்லுக்கு உப்பு என்று தெருவில் விலை கூவிப் போகிறாள். அவளைப் பார்த்த தலைவன் மனம் தடுமாறித் தோழனிடம் புலம்புகிறான். அழகான பாட்டு. ஆனால் அந்தப் பெண்ணை நாம் அவன் கண் வழியாகத்தான் பார்க்கிறோம். அன்றைக்கு அவள் உப்பு விற்றதா, அவள் தலை வலித்ததா, பாட்டு அந்தப் பக்கம் போவதில்லை. அவளுடைய பக்கத்திலிருந்து கதை சொல்ல ஒரு பெண் வரும்வரை தமிழ் மிக நீண்ட காலம் காத்திருந்தது.

அந்தப் பெண் ராஜம் கிருஷ்ணன். 1925இல் முசிறியில் பிறந்தவர். பதினைந்து வயதில் கல்யாணம். கல்லூரிப் படிப்பு இல்லை. மின்துறைப் பொறியாளரான கணவருக்கு மாற்றல் வந்த ஊர்களுக்கெல்லாம் கூடவே போய், அங்கங்கே கண்ணையும் காதையும் திறந்து வைத்துக்கொண்டவர். நீலகிரியில் இருந்தபோது படகர்களைப் பற்றிக் குறிஞ்சித்தேன் எழுதினார். பிறகு மீனவர் வாழ்வைப் பற்றி அலைவாய்க் கரையில் என்ற நாவல், அதன்பின் 1979இல் தூத்துக்குடி உப்பளங்களைப் பற்றிக் கரிப்பு மணிகள். ஊருக்கே போய், அந்த மனிதர்களோடு பழகி, பிறகு எழுதுவது அவர் வழக்கம்.

அந்தத் தலைப்பைக் கொஞ்சம் கவனியுங்கள். இந்தப் பக்கத்துப் பேச்சில் கரிப்பு என்றால் உப்புச் சுவை. மணி என்பது முத்துக்கும் நவரத்தினத்துக்கும் நாம் கொடுக்கிற பெயர். முத்துக்குப் பேர்போன ஊரில் நின்றுகொண்டு உப்புக்கல்லை மணி என்று கூப்பிட்டார் அவர். அந்த ஒரு சொல்லில் அவர் யார் பக்கம் என்பது தெரிந்துவிடுகிறது.

அளத்துக்குள் போனவர்களுக்குத் தெரியும். பூமிக்கடியிலிருந்து இறைத்த உவர்நீரைப் பாத்தி பாத்தியாக மாற்றி, வெயிலில் வற்றவைத்து, மணி பிடித்ததும் ஆண்கள் வாருபலகையால் வாரி ஒதுக்குவார்கள். பெண்கள் அதைப் பெட்டியில் அள்ளி, தலையில் சுமந்து, அம்பாரத்தில் கொண்டுபோய்க் கொட்டுவார்கள். வெள்ளை உப்பில் பட்டுத் திரும்பும் வெயில் கண்ணைக் கூசவைக்கும். காலில் சின்னக் கீறல் இருந்தாலும் உப்புநீர் அதை ஆறவிடாது. குடிக்க நல்ல தண்ணீர் இருக்காது. ஒதுங்க மறைவிடம் இருக்காது. ஆணைவிடப் பெண்ணுக்குக் கூலி குறைவு. ராஜம் கிருஷ்ணன் இதையெல்லாம் ஒரு அறிக்கையாக அடுக்கவில்லை. பொன்னாச்சி என்ற இளம்பெண்ணை அளத்துக்குள் அனுப்பி, அவள் கால் வழியாக, அவள் தாகத்தின் வழியாக நமக்குச் சொல்கிறார். கங்காணிக்குப் பெண்ணின் உடல் மேலும் அதிகாரம் உண்டு என்ற அந்த உலகத்து எழுதாத சட்டத்தை, தமிழ் நாவல் அதற்குமுன் இவ்வளவு நேராகப் பேசியதாக எனக்குத் தெரியவில்லை.

குறையையும் சொல்ல வேண்டும். சில இடங்களில் பாத்திரம் பேசுவதை நிறுத்திக்கொள்ள, ஆசிரியர் பேசத் தொடங்கிவிடுகிறார். சங்கம் வேண்டும், ஒற்றுமை வேண்டும் என்கிற பேச்சுகள் மேடையிலிருந்து இறங்கி வந்தவை போல ஒலிக்கின்றன. ஆனாலும் அவர் கண்ட நாளை அதுதான். கூலி உயரும், பிள்ளை பள்ளிக்கூடம் போவான், பெண் தலைநிமிர்ந்து பேசுவாள் என்று அவர் நம்பினார். அந்த நம்பிக்கையைக் கலைக்குறை என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

அதே 1979ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஜூடி சிகாகோ என்ற ஓவியர் ‘விருந்து’ என்ற பெரும் படைப்பைக் காட்சிக்கு வைத்தார். முக்கோண வடிவில் ஒரு மேசை. 39 பெண்களுக்கு அதில் தட்டுகள். கீழே தரையில் இன்னும் 999 பெண்களின் பெயர்கள். பெண்ணியக் கலை என்றால் உலகம் முதலில் சுட்டிக்காட்டும் படைப்புகளில் அது ஒன்று. அந்த விருந்துக்கு உப்புப் போட்ட பெண்ணைப் பற்றி அதே வருஷத்தில் தூத்துக்குடியை வைத்து ஒரு நாவல் வந்தது என்பதை நம் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை.

அடுத்த தலைமுறை எழுத்தாளர் சு. தமிழ்ச்செல்வி. 1971இல் பிறந்தவர். அவருடைய அளம் என்ற நாவல் 2002இல் வந்தது. களம் வேதாரண்யம் பக்கத்து உப்பளம். 1930 உப்புச் சத்தியாகிரகத்தில் காந்தி வழியில் உப்பெடுத்து ருக்மணி லட்சுமிபதி சிறை போன அதே மண். நாவலில், பிழைக்கக் கடல் கடந்த கணவன் திரும்பவில்லை. சுந்தராம்பாள் மூன்று பெண்மக்களோடு நிற்கிறாள். பஞ்சமும் புயலும் மாறி மாறி வருகின்றன. எந்தச் சங்கமும் வரவில்லை, எந்த ஆணும் வந்து மீட்கவில்லை. தமிழ்ச்செல்வி குரலை உயர்த்துவதே இல்லை. வெளியிலிருந்து வந்து பார்த்தவர் ராஜம். தமிழ்ச்செல்வி அந்த மண்ணிலேயே வளர்ந்தவர். அந்த வித்தியாசம் ஒவ்வொரு வரியிலும் தெரிகிறது. கலை என்ற அளவில் கேட்டால் அளம்தான் மேல் என்பது என் தீர்ப்பு. அதில் வருங்காலம் பற்றிப் பெரிய கனவு கிடையாது. நாளைக் காலையில் உலை வைக்க வேண்டும். அதைத் தாயும் மகள்களும் தாங்களே வைப்பார்கள்.

மூன்றாவதாகக் கேமரா வந்தது, அளத்துக்கு அல்ல, உழைக்கும் பெண்ணிடம். லீனா மணிமேகலை 2007இல் எடுத்த தேவதைகள் என்ற ஆவணப்படத்தில் மூன்று பெண்கள். ஒருவர் ஒப்பாரி பாடுகிறவர், ஒருவர் அநாதைப் பிணங்களை அடக்கம் செய்கிறவர், இன்னொருவர் தானே கடலில் இறங்கி மீன்பிடிக்கிறவர். பெண் கடலுக்குப் போகக்கூடாது என்று சொல்லிக்கொண்டிருக்கும் கரையில் அந்த மூன்றாவது பெண்ணைப் பார்க்கும்போது என் உடம்பு சிலிர்த்தது. அவர் நாவல் பாத்திரமல்ல. தன் முகத்தோடு, தன் பேச்சோடு நம் எதிரில் நிற்கிறார். பின்னர் தனுஷ்கோடி மீனவர்களை வைத்து லீனா எடுத்த செங்கடல் படத்துக்குத் தணிக்கை வாரியம் அனுமதி மறுத்தது. மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம்வரை போராடி 2011இல்தான் அனுமதி வாங்கினார்.

நாவலில் பாத்திரமாக வந்தவள் கேமராவுக்கு முன் தானாகவே பேசுகிறாள். இனி அவளே எழுத வேண்டும். தூத்துக்குடி அளத்தில் பெட்டி சுமந்தவளோ, அவள் மகளோ எழுதிய நாவல் என்று சொல்லி இதுவரை யாரும் என் கையில் ஒரு புத்தகத்தைத் தந்ததில்லை. அந்த வீடுகளில் சொல்லக் கதை நிறைய இருக்கிறது. மழைக்காலத்தில் அளம் மூடிக் கிடக்கும். கையில் காசு இருக்காது. மழைக்கால நிவாரணமாக 5,000 ரூபாய் என்று அரசு அறிவித்துக் கொடுக்கத் தொடங்கியதே சில வருஷங்களுக்கு முன்புதான். அந்த மாதங்களை எப்படிக் கடத்தினோம் என்பது அந்த அம்மாக்களுக்குத்தான் தெரியும்.

ஆகவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். ராஜம் கிருஷ்ணனின் நூல்கள் 2009இல் நாட்டுடைமை ஆகிவிட்டன. யாரும் அச்சிடலாம், யாரும் படிக்கலாம். நீங்கள் ஆசிரியராக இருந்தால், நூலகராக இருந்தால், அளத்துக்காரர் வீட்டுப் பெண்பிள்ளை ஒருத்தியின் கையில் கரிப்பு மணிகளைக் கொடுங்கள். வீட்டில் அம்மாவுக்கு வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். இப்படி இல்லை, வேறு மாதிரி என்று அம்மா சொல்கிற இடங்களையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். அந்த நோட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.