அவசரத்துக்கு வாங்கிய பொருள்கள்

“அவசரத்துக்கு இருக்கட்டும்” என்று சொல்லாமல் பேரங்காடியின் உறைபொருள் பகுதியைக் கடந்துபோகும் குடும்பங்கள் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் மிகக் குறைவு. திடீரென்று விருந்தாளி வந்துவிட்டால்? வேலை முடிந்து வர நேரமாகிவிட்டால்? ஒரு பொட்டலம் பரோட்டா வண்டியில் ஏறுகிறது. அதே வார்த்தையைச் சொல்லித்தான் தனியாக இருக்கும் அம்மாவுக்குக் கைத்தொலைபேசியும் வாங்கப்படுகிறது.

பிறகு நடப்பதுதான் வேடிக்கை. விருந்தாளிக்கென்று வாங்கிய பரோட்டா அடுத்த வாரமே பிள்ளையின் காலை உணவாகிறது. மூன்று மாதத்தில் வீட்டில் வாரம் நான்கு நாள் அதுதான். உண்மையிலேயே விருந்தாளி வந்து நிற்கும் நாளில் உறைபெட்டி காலி! கைத்தொலைபேசியின் கதை இதற்கு நேர் எதிர். அது அலமாரிக்குள், அட்டைப் பெட்டியை விட்டு வெளியே வராமல், பத்திரமாக இருக்கிறது. வேண்டிய நாளில் எடுத்து அமுக்கினால் திரையில் வெளிச்சமே வருவதில்லை. ஒன்று அளவுக்கு மீறிப் பயன்பட்டுத் தீர்ந்துபோகிறது. மற்றது பயன்படாமலே செத்துப்போகிறது.

முதலில் உணவைப் பார்ப்போர் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். உறையவைத்த உணவு என்றாலே கெட்டது என்பது சரியல்ல. 1910-களில் கனடாவின் லாப்ரடார் பகுதியில் இருந்த கிளாரன்ஸ் பேர்ட்ஸ்ஐ என்ற அமெரிக்கர், கடுங்குளிரில் அங்குள்ள இனுயிட் மக்கள் பிடித்த மீன் நொடியில் உறைந்துவிடுவதையும், பல மாதம் கழித்துச் சமைத்தாலும் அதன் சுவை குன்றாததையும் கவனித்தார். காரணம் எளிது. மெதுவாக உறைந்தால் உணவுக்குள் இருக்கும் நீர் பெரிய பெரிய பனிக்கட்டித் துகளாகி நாரைக் கிழித்துவிடும். வேகமாக உறைந்தால் துகள் சிறியது, சேதமும் குறைவு. அந்த முறையில் உறையவைத்த உணவு 1930-இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரக் கடைகளில் விற்பனைக்கு வந்தது. 1950-களின் நடுவில் ஸ்வான்சன் நிறுவனம் வான்கோழி இறைச்சி, பட்டாணி, சர்க்கரைவள்ளிக்கிழங்கு எல்லாவற்றையும் ஒரே அலுமினியத் தட்டில் அடைத்து ‘டிவி டின்னர்’ என்று விற்றது. தட்டோடு அடுப்பில் வைத்துச் சூடாக்கி, தொலைக்காட்சி முன் உட்கார்ந்து சாப்பிட்டு, தட்டை எறிந்துவிடலாம். பாத்திரம் கழுவும் வேலைகூட மிச்சம்.

இதைக் கேட்டதும், “அந்தக் காலத்தில் அம்மியும் ஆட்டுக்கல்லும் இருந்தன, ஆரோக்கியமும் இருந்தது” என்று தொடங்கிவிடுகிறவர்கள் உண்டு. தோட்டப்புறத்தில் விடியுமுன் பால்மரம் வெட்டப் போய்த் திரும்பிய பெண், மாலையில் கல்லின் முன் குந்தி அரைமணி நேரம் மாவாட்டினாள். அவளிடம் கேட்டால் அந்தக் கல்லைப் பற்றி வேறு மாதிரிச் சொல்லியிருப்பாள். ஆட்டுக்கல்லைப் புகழ்பவர்களில் மாவாட்டியவர்கள் குறைவு. 1955-இல் கோயம்புத்தூரில் மின்சார மாவரைக்கும் இயந்திரம் உருவானதால் எத்தனையோ பெண்களின் தோள்வலி குறைந்தது. ஆக, வசதி குற்றமில்லை. மிச்சமான அரைமணி நேரம் யாருக்குக் கிடைத்தது, அதற்கு வீடு என்ன விலை கொடுத்தது என்பதுதான் கேட்க வேண்டியது.

விலையில் ஒரு பங்கு உப்பு. பெரியவர் ஒருவர் நாளொன்றுக்கு 2,000 மில்லிகிராம் சோடியத்துக்குக் குறைவாக உட்கொள்ள வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். அது ஏறக்குறைய ஒரு தேக்கரண்டி உப்பு. சிங்கப்பூரர்கள் சராசரியாக 3,620 மில்லிகிராம் உட்கொள்வதாக 2022-ஆம் ஆண்டின் கணக்கு சொன்னது. உடனடி நூடல்ஸ் பொட்டலங்கள் பலவற்றில், தூளையும் குழம்பையும் முழுக்கக் குடித்தால், ஒரு நாள் உப்பில் பெரும்பகுதி ஒரே கிண்ணத்தில் போய்விடும். பொட்டலத்தின் பின்பக்கம் எல்லாம் அச்சிடப்பட்டிருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது. ஆனால் பரோட்டாப் பொட்டலத்தில் கணக்கு பெரும்பாலும் ஒரு துண்டுக்கு. ஒரு துண்டோடு கை கழுவுகிறவர் யார்? ரத்தக் கொதிப்பும் நீரிழிவும் இல்லாத தமிழ்க் குடும்பத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும் என்ற நிலையில், அந்தக் கணக்கை மூன்றால் பெருக்கிப் பார்க்க வேண்டிய கடமை வாங்குகிறவருடையது.

இன்னொன்றும் உண்டு. உறைநிலை கிருமியைக் கொல்வதில்லை, தூங்கவைக்கிறது, அவ்வளவுதான். உறைபெட்டி சுழியத்துக்குக் கீழ் 18 பாகை செல்சியஸில் இருக்கும்வரை தூக்கம் கலையாது. கடையில் வாங்கிய கோழியை நண்பகல் வெயிலில் வண்டியில் வைத்துவிட்டு, நடுவில் இன்னும் இரண்டு கடை ஏறி இறங்கினால் விழித்துக்கொள்ளும். காலையில் சமையல் மேடையில் எடுத்துவைத்துவிட்டு வேலைக்குப் போய், மாலையில் வந்து சமைக்கும் பழக்கமும் ஆபத்தானது. முதல் நாள் இரவே குளிர்பதனப் பெட்டியின் கீழ்த்தட்டுக்கு மாற்றிவிட்டால் போதும்.

சரி, அவசரத்துக்கு என்ன செய்வது? வீட்டுச் சமையலையே உறையவைக்கலாமே! ஞாயிற்றுக்கிழமை வைக்கும் கோழிக் குழம்பையோ பருப்பையோ கொஞ்சம் கூடுதலாக வைத்து, ஆறியதும் ஒரு வேளைக்கு ஒரு டப்பா என்று பிரித்து, தேதி எழுதி வைத்துவிடலாம். உருளைக்கிழங்கு மட்டும் வேண்டாம், எடுத்துச் சூடாக்கும்போது தண்ணீர் விட்டுக் குழையும். தயிர் திரிந்து போகும். தேங்காய்ப்பாலைப் பிறகு சேர்த்துக்கொள்வது நல்லது. உப்பு எவ்வளவு என்பது போட்ட கைக்குத் தெரியும்.

இனி, அலமாரியில் தூங்கும் அந்தக் கைத்தொலைபேசி. கையில் எடுத்துச் செல்லும் கைத்தொலைபேசி 1983-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வரத் தயாரானபோது அதன் விலை 3,995 டாலர், பேசக்கூடிய நேரம் சுமார் அரைமணி. இன்று ஒரு மளிகைச் செலவுக்குள் பாட்டிக்கு ஒன்று வாங்கிவிடலாம். வாங்கிக் கொடுத்ததும் பிள்ளைகளுக்கு மனம் நிம்மதியாகிவிடுகிறது. அந்த நிம்மதியில்தான் சிக்கல்.

பாட்டி சிக்கனக்காரர். “மின்கலம் தீர்ந்துவிடும்” என்று அணைத்தே வைத்திருப்பார். அணைத்து வைத்தாலும் மின்கலம் மெல்ல வடியும். முழுக்க வடிந்தபடி மாதக்கணக்கில் கிடந்தால் மறுபடி ஏற்றவே முடியாமல் போகலாம். முன்கட்டண அட்டையில் குறிப்பிட்ட காலத்துக்குள் பணம் நிரப்பாவிட்டால் அந்த எண்ணே காலாவதியாகிவிடும். இவையெல்லாம் சரியாக இருந்தாலும் இன்னொரு பள்ளம் இருக்கிறது. சிங்கப்பூரில் 2ஜி சேவை 2017 ஏப்ரலில் நிறுத்தப்பட்டது. மலேசியாவில் 3ஜி 2021-இன் இறுதியோடும், சிங்கப்பூரில் 2024-இலும் முடிந்தது. அந்தப் பழைய தொழில்நுட்பத்தை மட்டுமே நம்பியிருந்த கருவி, பார்வைக்குப் புதிதுபோல் பளபளத்தாலும் பொம்மைதான். 4ஜி என்று எழுதியிருந்தும் குரல் அழைப்புக்கு மட்டும் 3ஜியைச் சார்ந்திருந்த கருவிகளும் உண்டு. அலமாரியைத் திறந்து பார்க்காதவருக்கு இது எப்படித் தெரியும்?

அமெரிக்காவில் பழைய கைத்தொலைபேசிகளைத் திரட்டி, குடும்ப வன்முறைக்கு அஞ்சி வாழும் பெண்களுக்குக் கொடுக்கும் வழக்கம் வளர்ந்தது. அங்கே சந்தாக் கட்டாத கருவியிலிருந்தும் 911 அழைப்பு போகும். நல்ல காரியம்தான். ஆனால் அப்படிப்பட்ட கருவிக்கு எண் கிடையாது. பேச்சு பாதியில் அறுந்தால் அந்தப் பக்கத்திலிருந்து திருப்பி அழைக்க முடியாது. பிரிட்டனிலோ சிம் அட்டை இல்லாத கைத்தொலைபேசியில் அவசர அழைப்பே போகாது. ஓர் ஊரில் கேட்டதை இன்னோர் ஊரில் நம்பி இருந்துவிடக் கூடாது.

சிங்கப்பூரில் ஆம்புலன்ஸுக்கும் தீயணைப்புக்கும் 995, காவல்துறைக்கு 999. மலேசியாவில் எல்லாவற்றுக்கும் 999. எண்ணைவிட முக்கியம், அழைத்த பிறகு சொல்ல வேண்டியது. மறுமுனையில் முதலில் கேட்பது இடத்தைத்தான். “கோயில் பக்கத்து வீடு” என்று தமிழில் பதறினால் வாகனம் எங்கே போகும்? புளோக் எண், சாலைப் பெயர், மாடி, வீட்டு எண், இந்த நான்கையும் மலாயிலோ ஆங்கிலத்திலோ தடுமாறாமல் சொல்ல வீட்டில் உள்ள ஒவ்வொருவரும் பழகியிருக்க வேண்டும், அறுபது வயதானாலும் ஆறு வயதானாலும்.

முன்பெல்லாம் வீட்டுத் தொலைபேசியின் பக்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகம் தொங்கும். பத்து எண்களாவது எல்லாருக்கும் மனப்பாடம். இன்று மகனின் எண் அம்மாவுக்குத் தெரியாது. “மகன்” என்ற பெயரை அமுக்கத்தான் தெரியும். கருவி தண்ணீரில் விழுந்தாலோ திருடு போனாலோ, பக்கத்து வீட்டுத் தொலைபேசி கையில் கிடைத்தும் யாரையும் கூப்பிட முடியாது.

தினமும் இரவு எட்டு மணிக்கு அம்மாவைக் கூப்பிட்டு “சாப்பிட்டீங்களா?” என்று கேட்கும் பிள்ளைகள் நிறையப் பேர். “சாப்பிட்டேன்பா” என்பதுதான் எந்த அம்மாவும் சொல்லும் பதில். என்ன சாப்பிட்டார் என்பது குரலில் தெரியாது; உறைபெட்டியைத் திறந்தால் தெரியும். குளியலறையில் வழுக்கியதைத் தொலைபேசியில் மறைக்கலாம். நடையில் மறைக்க முடியாது. கருவி வாங்கிக் கொடுத்தவுடன் நேரில் போவது குறைகிறது என்றால், அது வாங்கியவர் எண்ணிப்பார்க்காத விலை.

அடுத்த முறை அம்மா வீட்டுக்குப் போகிறவர்கள் ஒரு மணி நேரம் கூடுதலாக ஒதுக்கட்டும். அந்தக் கைத்தொலைபேசியைப் பெட்டியிலிருந்து எடுத்து, மின்னேற்றி, அம்மாவின் கையாலேயே மகளுக்கு ஓர் அழைப்புப் போடச் சொல்லட்டும். மணி ஒலிக்கிறதா என்று பார்க்கட்டும். உறைபெட்டியில் தேதி கடந்ததைக் களைந்துவிட்டு, கொண்டுபோன குழம்பு டப்பாக்களை அடுக்கட்டும். பிறகு ஒரு தாளில் பெரிய எழுத்தில் அவசர எண், வீட்டு முகவரி, பிள்ளைகள் இருவரின் எண், சாப்பிடும் மருந்துகளின் பெயர் ஆகியவற்றை எழுதி, குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவிட்டு வரட்டும்.