லேஞ்சி

பள்ளிக்குப் புறப்படும் பேரனைப் படலையடியில் நிறுத்தி, "லேஞ்சி எடுத்தனியே, ராசா?" என்று கேட்கும் ஆச்சிமார் யாழ்ப்பாணத்துக் கிராமங்களில் இன்றும் உளர். அதே பேரன் தன் கட்டுரையில் 'லேஞ்சி' என்று எழுதிவிட்டால், ஆசிரியரின் சிவப்பு மை அதனை வெட்டிக் 'கைக்குட்டை' என்று திருத்தும். ஆச்சி சொன்னது பிழைதானோ என்று அப்பிள்ளை மயங்குவது இயல்பே. அம்மயக்கம் தீர வேண்டுமாயின், அச்சொல் வந்த வழியை அறிதல் வேண்டும்.

லகரம் தமிழில் மொழிக்கு முதலாகாது என்பது தொல்காப்பிய விதி. ஆகவே, இச்சொல் வேற்று நிலத்தது என்பதற்கு அதன் முதலெழுத்தே சான்று. போர்த்துக்கேய மொழியில், கையிலும் கழுத்திலும் தலையிலும் கொள்ளும் சிறு துணிக்கு ஏறத்தாழ 'லென்சு' என ஒலிக்கும் பெயர் உண்டு. அதுவே இங்கு லேஞ்சி ஆயிற்று. சகரத்தின் முன் அதன் இனமாகிய ஞகரம் நிற்பது தமிழ் மரபு. வந்த சொல்லும் அம்மரபுக்கு அடங்கிற்று. அதன் முன் 'கை'யைச் சேர்த்துக் 'கைலேஞ்சி' என்றும் மக்கள் வழங்கினர். சிங்கள மக்கள் அதனை 'லேன்சுவ' என்பர்.

போர்த்துக்கேயருக்கோ அச்சொல் இலத்தீன் மொழி தந்த சொத்து. இலத்தீனில் 'லீனும்' என்பது ஆளிச் செடி. அதன் நாரினால் நெய்த துணி 'லிந்தேயும்'. ஆங்கிலத்து 'லினன்' என்பதும் அவ்வேரைச் சார்ந்ததே. எனவே, முதலில் நூலின் வகையைக் குறித்த சொல், பின்னர் அந்நூலால் ஆகிய துணியைக் குறித்து, இறுதியிற் சிறு துண்டு ஒன்றுக்குப் பெயராய் நின்றது. பருத்தி நாடுகளாகிய நம் பக்கத்திற்கு வந்தபின், லேஞ்சியின் பெயரில் மட்டுமே ஆளி எஞ்சிற்று; பொருளில் இல்லை.

சென்ற இடமெல்லாம் அச்சொல் வேர்விட்டது. இந்தோனேசியாவின் மலுக்குத் தீவுகளில், கையிற் சிறு துணி ஏந்தி ஆடும் நடனத்துக்கு 'லென்சோ' என்றே பெயர்.

போர்த்துக்கேயர் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றியது 1619இல். ஒல்லாந்தரிடம் அதனை இழந்தது 1658இல். முப்பத்தொன்பது ஆண்டு ஆட்சி அது. கோட்டையை இழந்தோரின் மொழி ஒல்லாந்தர் காலத்திலும் பேச்சில் நீடித்தது. மட்டக்களப்புப் பறங்கியர் சிலரிடம் அதன் வழிவந்த பேச்சு இன்றும் உண்டு. நம் வீட்டிலுள்ள மேசை, அலுமாரி, காலிலுள்ள சப்பாத்து, காலையுணவாகும் பாண் ஆகியனவும் அவ்வழி வந்த பெயர்களே. அவற்றுட் பல சிங்களத்திலும் வழங்குகின்றன. இரு மொழியினரும் ஒரே காலத்தில் ஒரே அயலாரை எதிர்கொண்டனர் என்பதற்கு அரசாங்கப் பத்திரங்கள் மட்டுமல்ல, அடுக்களைச் சொற்களும் சாட்சி.

எனில், ஆசிரியரின் திருத்தம் தவறா? அன்று. கைக்குட்டை நல்ல தமிழ்ச் சொல். கட்டுரைக்கு அதுவே ஏற்றது. ஆனால், திருத்தும் ஆசிரியர் 'இது பிழை' என்பதோடு நில்லாது, 'இது நம் பேச்சு வழக்கு. போர்த்துக்கேயத்திலிருந்து வந்தது' என்று ஒரு வாக்கியம் சேர்த்துச் சொல்லின், பிள்ளை இலக்கணத்தையும் வரலாற்றையும் ஒருங்கே கற்கும். ஆச்சியின் பேச்சுக்காக வெட்கப்படாது.

இப்போது கடுதாசித் துண்டினால் முகம் துடைத்து எறியும் வழக்கம் பெருகி வருகின்றது. பொருள் வழக்கொழிந்தால் பெயரும் உடன் ஒழியும். ஆச்சி படலையடியில் அக்கேள்வியைக் கேட்கும் நாளிலேயே, அச்சொல்லின் கதையைப் பேரனுக்குச் சொல்லி வைத்தல் நன்று.