பொறி படிக்கும் குறிப்பும் நூலே



நூல் செய்வோர் நீக்க வேண்டிய குற்றங்கள் பத்து என வகுத்தார் நன்னூல் ஆசிரியர் பவணந்தியார். அவற்றுள் முதலாவது குன்றக் கூறல். ஏட்டில் அக்குற்றம் நேர்ந்தால் கற்போன் ஐயுற்று வினவுவான்; ஆசான் வாய்மொழியால் குறையை நிரப்புவான். இன்றோ, மாந்தன் அல்லாத ஒன்று படிப்பதற்கென எழுதப்படும் நூல்வகை தோன்றியிருக்கிறது. செயற்கை நுண்ணறிவு முகவர்களுக்காக எழுதப்படும் கருவி விளக்கமே அது. ஐயுற்று வினவுதல் அம்முகவர்க்குக் குறைவு. விடுபட்டதைத் தானே இட்டு நிரப்பிக் கொள்ளுதல் மிகுதி.

முகவர் என்பது யாது? இட்ட பணியை முடிப்பதற்குத் தானே வழி வகுத்து, வேண்டிய கருவிகளைத் தானே தேர்ந்து இயக்கும் கணினி நிரல். 2024 நவம்பர்த் திங்களில் ஆந்திரோப்பிக் நிறுவனம் வெளியிட்ட எம்.சி.பி. என்னும் நெறிமுறையில், ஒவ்வொரு கருவிக்கும் பெயர், விளக்கம், உள்ளீட்டின் அமைப்பு ஆகியவை எழுத்தில் தரப்படுகின்றன. கருவிக்குள் இருக்கும் நிரலை முகவர் பார்த்து முடிவு செய்வதில்லை. எழுதித் தந்த இவற்றைப் படித்தே எதை எப்போது எடுப்பது என்று துணிகிறது. எழுத்து பிழைத்தால் கருவியும் பிழைக்கும்.

ஓர் எடுத்துக்காட்டு காண்போம். 2002-இல் சிட்னி நகரில் தொடங்கப்பட்டது அட்லாசியன் நிறுவனம். அதன் சிரா என்னும் மென்பொருள் திட்ட மேலாண்மைக்குப் பல நாடுகளில் பயன்படுகிறது. அதில் ஒவ்வொரு பணிக்கும் தனிக் குறியீடு உண்டு. பல பணிகளின் செய்திகளை ஒரே அழைப்பில் எடுத்துத் தரும் வாயிலும் உண்டு. நூறு பணிகளைத் தனித்தனியே கேட்டால் நூறு அழைப்புகள். தொகுத்துக் கேட்டால் ஒன்றே. நன்மை வெளிப்படை. ஆயினும், இவ்வாயிலை முகவரின் கருவியாக்குவோர் “பல பணிகளை எடுத்துத் தரும்” என்று ஒரு வரி எழுதி அமைந்துவிட்டால் என்ன ஆகும்?

புதிய பொருளை வெளியிடுமுன் 140 பணிகளும் முடிந்தனவா என்று மேலாளர் கேட்பதாகக் கொள்க. ஓரழைப்பின் வரம்பு 100. இதனைச் சொல்லாது விட்டால், முகவர் அனைத்தையும் ஒருங்கே கேட்டுப் பிழைபடும். அல்லது நூறோடு நின்று “முடிந்தன” என்று சொல்லிவிடவும் கூடும். விடைகள் கேட்ட வரிசையில் வாரா. உள் அடையாள எண்ணின் ஏறுவரிசையில் வரும். இதனைச் சொல்லாது விட்டால், ஒரு பணியின் நிலை மற்றொன்றின் தலையில் ஏறும்.

கிடைக்காத பணிகள் தனியே பிழைப் பட்டியலில் வரும். பெரும் இடர் இங்கேதான் இருக்கிறது. ஒரு பணி கிட்டாமைக்கு, அப்பணி இல்லாமையும் ஏதுவாகலாம். பார்ப்பதற்கு இசைவு இல்லாமையும் ஏதுவாகலாம். இரண்டையும் பிரித்தறிய இயலாதவாறு ஒரே விடை வருவதுண்டு. “கிட்டாத பணியை இல்லாத பணி என்றோ முடிந்த பணி என்றோ கொள்ளற்க, அதன் குறியீட்டை மேலாளர்க்கு அப்படியே தெரிவி” என்னும் தொடர் விளக்கத்தில் இருத்தல் வேண்டும். அத்தொடர் இல்லையேல், மூன்று பணிகள் காணாமற் போனதை மேலாளர் அறியார். முகவரின் சொல்லை நம்பி ஒப்பமிடுவார். பிழை வெளிப்படும் நாளில் பொருள் மக்கள் கைக்குப் போயிருக்கும்.

குன்றக் கூறல் மட்டுமா குற்றம்? விளக்கத்தில் வரம்பு 100 என்றும் உள்ளீட்டு அமைப்பில் 50 என்றும் இருந்தால், அது மாறுகொளக் கூறல். குறியீடு அறிந்த பணிகளை எடுக்கும் கருவிக்கும், குறியீடு அறியாதவற்றைத் தேடும் கருவிக்கும் ஒத்த பெயரிட்டு வேறுபாடு காட்டாது விட்டால், அது மயங்க வைத்தல். மிகைபடக் கூறலும் தீதே. முகவர் ஒரு வேளையில் மனங்கொள்ளத்தக்க எழுத்துக்கு எல்லை உண்டு. நெடிய விளக்கமும் அவ்விடத்தையே விழுங்கும். வேண்டிய புலங்களை மட்டும் கேட்குமாறு கூறுவதும் அதனாலேயே. பணியின் நிலை அறியப் பெயரும் நிலையும் போதும். நூறு பணிகளின் உரையாடல் முழுவதும் எதற்கு?

எழுதி முடித்தபின் ஆய்ந்து பார்த்தல் வேண்டும். நல்ல குறியீடுகளுக்கு இடையே, இல்லாத குறியீடு ஒன்றையும் இசைவற்ற பணி ஒன்றையும் வேண்டுமென்றே கலந்து முகவரிடம் கொடுங்கள். இரண்டையும் அது வாய்விட்டுச் சொல்கிறதா என்று பாருங்கள். சொல்லாது மறைத்தால், முதலில் விளக்கத்தைத் திருத்துங்கள். திருத்தி மீண்டும் ஆய்ந்து பாருங்கள்.

“பொறி பொய் சொல்லிவிட்டது” என்று கடிந்துகொள்வது எளிது. அதற்கு முன், அதன் கையில் கொடுத்த எழுத்து முழுதும் உண்மை சொன்னதா என்று கேட்டல் வேண்டும். நிரல் எழுதியபின் நேரம் மிஞ்சினால் விளக்கம் எழுதலாம் என்னும் வழக்கத்தை இளைஞர்கள் கைவிடுக. பொறியே படிப்பினும், அதன் பிழையைச் சுமப்பவர் மாந்தரே.